முதல் கழுவல் அமிலத்தில்

வெள்ளிக்கிழமை மாலை நான்கு மணியோடு அவளுடைய எட்டு வருஷம் காலாவதியாகும் என்று பல்கலைக்கழகத்திலிருந்து கடிதம் வந்திருந்தது. ‘அன்புடையீர்’ என்று தொடங்கியிருந்தார்கள். அந்த ஒரு சொல்லோடு அன்பு தீர்ந்துபோய், மீதி முழுக்க விதி எண்கள்.

விஷயம் இதுதான். அவள் தைல மரத்திலிருந்து லிக்னினைப் பிரித்தெடுக்கும் ஆராய்ச்சியில் இருந்தாள். மரம் என்பது நாரும் பசையும். காகிதம் செய்கிறவர்கள் நாரை எடுத்துக்கொண்டு பசையைக் கொதிகலனில் போட்டு எரித்துவிடுவார்கள். அந்தப் பசைக்குத்தான் லிக்னின் என்று பெயர். அதை எரிக்காமல், கெடுக்காமல் வெளியே எடுத்தால் பிளைவுட் ஒட்டுவதிலிருந்து பல காரியங்களுக்கு உதவும். அவளுடைய வழி, மரச் சீவல்களை ஃபார்மிக் அமிலத்தில் மூன்று மணி நேரம் கொதிக்க வைப்பது. எறும்பு கடித்தால் சுருக்கென்று இருக்கிறதே, அதே அமிலம். இங்கே எறும்புக்குப் பதில் கேனில் வருகிறது. அமிலத்தில் பசை கரைந்து கறுப்பாக வெளியே வரும், நார் நாராகவே நிற்கும். அந்தக் கறுப்புக் கரைசலைத் தண்ணீரில் ஊற்றினால் லிக்னின் பழுப்புத் தூளாகப் பிரிந்து அடியில் உட்காரும்.

மரத்திலுள்ள லிக்னினில் நூற்றுக்கு எவ்வளவு கைக்கு வருகிறது என்று மூன்று தடவை செய்து காட்டச் சொல்லியிருந்தது மேற்பார்வைக் குழு. மூன்று எண்களுக்கு இடையில் இரண்டுக்கு மேல் வித்தியாசம் கூடாது. முதல் தடவை 72.4 வந்தது. இரண்டாவது தடவை 71.8. மூன்றாவதைப் புதன்கிழமை வேகவைத்து, வியாழன் வடிகட்டி உலர்த்தி, வெள்ளி காலை எடை போட்டு, கைடிடம் கையெழுத்து வாங்கி நாலு மணிக்குள் கொடுத்தால் ஆராய்ச்சிப் பதிவு நிலைக்கும். இல்லையென்றால் முதலிலிருந்து. நாற்பத்து மூன்று வயதில் முதலிலிருந்து என்றால் என்ன என்று கடிதம் எழுதியவருக்குத் தெரிய நியாயமில்லை. அவருக்கு வயது இருபத்தாறு, நிரந்தர வேலை.

கடைசி வாரம் வரை ஏன் இழுத்தாய் என்று யாராவது கேட்டால் அவளிடம் பதில் இருந்தது. அமிலம் வாங்கும் கோப்பு மட்டும் பதினோரு மாதம் மேஜை மேஜையாக ஊர்சுற்றிவிட்டு, கொஞ்சம் கொழுத்துத் திரும்பி வந்தது. ஆனால் யாரும் கேட்கவில்லை.

புதன்கிழமை காலை அவள் செருப்பு மாட்டும்போது நாத்தனார் கண்ணாடி முன்னால் நின்று தலை சீவிக்கொண்டிருந்தாள். பல் மருத்துவர் ஒருவரிடம் வரவேற்பில் உட்காருகிறவள். வாய் திறக்கச் சொல்வது டாக்டரின் வேலையென்றாலும் தன் வாயை மூடுவது தன் வேலையில் சேராது என்று நினைப்பவள்.

“அண்ணி, இன்னிக்கும் பஸ்ல உங்க பக்கத்து சீட்டு காலியாத்தான் வருமா?”

“வரும். காலை நீட்டி உக்காந்து வருவேன்.”

“அந்த நெடிக்கு எறும்பெல்லாம் சொந்தக்காரங்கன்னு நினைச்சுப் பின்னாலயே வரப்போகுது.”

“வரட்டுமே. உன்னை மாதிரி லேட்டாக் கிளம்பாது. நேரத்துக்கு வரிசையாப் போகும்.”

அவள் கணவன் சமையலறைக் குழாயடியில் ஸ்பானரோடு மல்லாந்து கிடந்தான். அங்கிருந்தபடியே, “வெள்ளிக்கிழமைக்கு அப்புறம்…” என்று ஆரம்பித்தான்.

“வெள்ளிக்கிழமைக்கு அப்புறம் பேசலாம். இப்ப அந்த வாஷரைத் திருப்பிப் போடுங்க. தலைகீழா மாட்டியிருக்கீங்க.”

எட்டரைக்கு அமிலம் கொதிக்கத் தொடங்கியது. ஐந்து லிட்டர் கண்ணாடிக் கலன், அதன் தலையில் ஆவியைக் குளிரவைத்துத் திருப்பி உள்ளே இறக்கும் நீளக் குழாய், சுற்றிலும் நெடியை இழுக்கும் ஹூட். ஹூட்டின் கண்ணாடிக் கதவு பாதியில் நிற்காது. அதற்கு முட்டுக் கொடுக்க உலோகவியல் புத்தகம் ஒன்றை வைத்திருந்தார்கள். துறை நூலகத்திலேயே தினசரி பயன்பட்ட புத்தகம் அதுவாகத்தான் இருக்கும். பதினொன்றரைக்கு அடுப்பை அணைத்து, கறுப்புக் கரைசலை வடித்துத் தனியே எடுத்தாள். பெரிய ஃபனலில், துளைத்தட்டின் மேல், ஈர நார் ஆவி பறக்க உட்கார்ந்திருந்தது.

இந்த இடத்தில்தான் எல்லாமே இருக்கிறது. அந்த நார் வெறும் நார் இல்லை. பஞ்சில் எண்ணெய் நிற்பதுபோல, லிக்னின் கரைந்த அமிலம் அதற்குள் நிற்கிறது. அதனால் முதல் கழுவல் சூடான அமிலத்தில். இரண்டாவதும் அமிலத்தில். வடிகிற திரவம் வெளுத்த பிறகுதான் தண்ணீர். முதலிலேயே தண்ணீர் பட்டால் அமிலத்தின் வலு உடைந்து, லிக்னின் இருந்த இடத்திலேயே, நாரின் சந்துபொந்துக்குள், சாயம் ஏறினாற்போல் ஏறி உட்கார்ந்துவிடும். அப்புறம் அதைக் கிளப்புவது மாமியாரைத் தனிக்குடித்தனத்திலிருந்து கிளப்புவதைப் போல.

கழுவுவதற்கான அமிலம் இரண்டு லிட்டர் ஹூட்டின் கோடியில் வெந்நீர்த் தொட்டியில் சூடாகிக்கொண்டிருந்தது. கடைசிக் கழுவலுக்கான சுத்தத் தண்ணீர், அதுவும் இரண்டு லிட்டர், ஃபனலுக்குப் பக்கத்திலேயே ஜாடியில் இருந்தது. அவள் அமிலத்தை எடுக்கத் திரும்பினாள். பத்து அடி தூரம்.

அப்போது கதவு திறந்தது. பேராசிரியர் வந்தார்.

பேராசிரியர் அவளுடைய கைடு. துறைத் தலைவரும் அவரே. அவருடைய அறை வாசலில் தொங்கும் பலகையில் அவர் வகிக்கும் பொறுப்புகள் பதினொன்றும் எழுதப்பட்டிருக்கும். கடைசி இரண்டு பொடி எழுத்தில் இருக்கும், ஏனென்றால் அவர் வளர்ந்த வேகத்துக்குப் பலகை வளரவில்லை. அவர் வெள்ளைக் கோட்டு போட்டு ஆய்வகத்துக்குள் வருகிறார் என்றால் பின்னாலேயே ஒரு கேமரா வருகிறது என்று பொருள். வந்தது. கேமராவுக்கும் அவருக்கும் நடுவில், தொழில் கூட்டமைப்பைச் சேர்ந்த நான்கு விருந்தினர்கள், மூக்கைக் கர்சீப்பால் பொத்திக்கொண்டு வந்தார்கள்.

“இங்கேதான்,” என்றார் பேராசிரியர், “மரத்தின் ஆன்மாவை வெளியே கொண்டுவருகிறோம்!”

விருந்தினர்கள் ஆன்மாவைத் தேடினார்கள். ஃபனலில் நனைந்த கோணிச் சிதறல் மாதிரி ஏதோ இருந்தது.

“இது கையால செய்யற வேலை. பொறுமை. தவம். நானே காட்டுறேன்,” என்றவர் ஜாடியைக் கையில் எடுத்துக்கொண்டார். கேமரா முன்னால் வந்தது.

“சார், அது வேணாம்… சார், தண்ணி…!”

அவர் முகத்தைக் கேமராவுக்கும் ஜாடியை ஃபனலுக்கும் கொடுத்திருந்தார். இரண்டு லிட்டரும் உயரத்திலிருந்து, ஒரு நிதானத்தோடு, அபிஷேகம் போல இறங்கியது. அடியில் சொட்டிக்கொண்டிருந்த கறுப்புத் துளிகள் சட்டென்று கலங்கின. கண் முன்னாலேயே பால் விட்ட காப்பி நிறத்தில் ஒரு மேகம் குடுவையில் திரண்டது.

“பார்த்தீங்களா! இதுதான் லிக்னின்!”

விருந்தினர்கள் கைதட்டினார்கள். மேகம் உண்மையிலேயே அழகாகத்தான் இருந்தது. அதில் எத்தனை பங்கு நாருக்குள்ளேயே சிக்கிக்கொண்டது என்பது கைதட்டலில் தெரியாது. ஒரு விருந்தினர், அடுத்தது என்ன என்று கேட்டார்.

“அடுத்ததெல்லாம் இவங்க பாத்துப்பாங்க,” என்று பேராசிரியர் அவளைக் காட்டிவிட்டு, காலி ஜாடியை அவளிடமே கொடுத்துவிட்டு, ஊர்வலத்தோடு வெளியே போனார். அவள் ஒரு கையில் சூடான அமிலத்தோடும் மறு கையில் காலி ஜாடியோடும் நின்றாள்.

அடுத்த அறையிலிருந்து கண்ணாடி அண்ணன் எட்டிப் பார்த்தார். ஆய்வகத்துக்கு வேண்டிய குடுவை, குழாய்களை ஊதிச் செய்கிறவர்; ஊதி ஊதிக் கன்னம் இரண்டும் தளர்ந்து, சும்மா இருக்கும்போதுகூட எதையோ சொல்ல வந்து அடக்கிக்கொண்டவர் மாதிரி இருப்பார். ஆனால் எதையும் அடக்கிக்கொள்கிற ஆள் அல்ல.

“என்ன தங்கச்சி, கைதட்டுற சத்தம் கேட்டுச்சு. யாராச்சும் ரிட்டையர் ஆயிட்டாங்களா?”

“என் மூணாவது சோதனை ரிட்டையர் ஆயிடுச்சுண்ணே.” அவள் ஃபனலைக் காட்டினாள்.

அவர் குனிந்து பார்த்தார். “தண்ணி பட்டிருக்கே.”

“படல. ஊத்தினாங்க.”

“யாரு?” என்று கேட்டுவிட்டு, அவள் கையிலிருந்த ஜாடியையும், வாசல் பக்கம் தேய்ந்துபோகும் பேச்சுச் சத்தத்தையும் சேர்த்துப் பார்த்து, “சரி, கேக்கல,” என்றார். “புதுசா ஒண்ணு போடேன்.”

“கேன்ல அடி ஈரம்தான் இருக்கு. புதுக் கேனுக்குக் கோப்பு போட்டா என் பேத்தி வந்து கையெழுத்து வாங்குவா.”

“உனக்குப் பிள்ளையே படிக்குது. பேத்திக்கு எங்க போறது?”

“அதைத்தான் சொல்றேன்.”

அவள் ஸ்டூலில் உட்கார்ந்தாள். அழுவாள் என்று அவர் நினைத்திருக்க வேண்டும், கைக்குட்டையைத் தேடினார். அவள் நோட்டைத் திறந்து, சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து, ‘11.52. நாரின் மேல் நீர், இரண்டு லிட்டர்’ என்று எழுதினாள். பிறகு கணக்குப் போட்டாள். ஏறி உட்கார்ந்த லிக்னின் எங்கும் ஓடிப்போகவில்லை. நாருக்குள்தான் இருக்கிறது. வலுவான அமிலம் சூடாகப் பட்டால் மறுபடி கரையும். ஆனால் நாருக்குள் இப்போது தண்ணீரும் இருப்பதால் இரண்டு லிட்டர் போதாது, ஐந்து வேண்டும். மீதி மூன்று லிட்டர் அமிலம் எங்கே இருக்கிறது? வடித்து வைத்த கறுப்புக் கரைசலுக்குள்ளேயே இருக்கிறது. அதைக் காய்ச்சி வாங்க வேண்டும்.

“அண்ணே, ரோட்டரியோட குடுவை என்னாச்சு?”

ரோட்டரி என்பது வெற்றிடத்தில் குடுவையைச் சுழற்றிக் குறைந்த சூட்டிலேயே ஆவியாக்கி வாங்கும் கருவி. அதன் வாங்கு குடுவை இரண்டு மாதமாகக் கழுத்தில் விரிசலோடு அலமாரியில் கிடந்தது.

“அதுக்கு இன்னும் கோப்பு வரல. கோப்பு வராம அடுப்பு பத்தவைக்கக் கூடாதுன்னு உங்க சார்தான் சுற்றறிக்கை விட்டிருக்காரு.”

“கோப்பு வரும்ணே.”

“நிஜமா வருமா?”

“வராது. செஞ்சு குடுங்க.”

அவர் போய் அடுப்பைப் பற்றவைத்தார். பழைய கழுத்தை அறுத்தெறிந்துவிட்டு வேறொரு கழுத்தை உருக்கி ஒட்டி, தீயை மெல்ல மெல்லத் தணித்து ஆறவிட்டு, ஒன்றரை மணிக்குக் கொண்டுவந்து கொடுத்தார். பாதுகாப்புக்குக் குடுவையைச் சுற்றி டேப் ஒட்டியிருந்தார். “உடைஞ்சா எம் மேல சொல்லாத,” என்றார். “உடையாது. ஆனா சொல்லாத.”

அதற்குள் அவள் நாரை அழுத்திப் பிழிந்து தண்ணீரை முடிந்த மட்டும் வெளியேற்றியிருந்தாள். பிழிந்த தண்ணீரையும் கலங்கல் மேகத்தையும் கொட்டவில்லை. ஒரு சொட்டு விடாமல் தனி வாளியில் சேர்த்துவைத்தாள். சூடான அமிலத்தில் முதல் லிட்டரை நாரின் மேல் விட்டுக் கிளறி, கால் மணி நேரம் ஊறவிட்டு வடித்தாள். கறுப்பு. இரண்டாவது லிட்டர், அடர் பழுப்பு. ரோட்டரியிலிருந்து அமிலம் சொட்டுச் சொட்டாக வந்தது. காத்திருக்கிறவர்களிடம் அமிலத்துக்கு எந்த அக்கறையும் இல்லை. மூன்றாவது, நான்காவது. ஐந்தாவது லிட்டர் வடிந்தபோது வெளிர் மஞ்சளாக இருந்தது. அதற்குப் பிறகுதான் தண்ணீரைத் தொட்டாள். கறுப்பு, பழுப்பு, கலங்கல் எல்லாவற்றையும் பெரிய வாளித் தண்ணீரில் ஊற்றி, வழவழ என்று கூழாகாமல் குருணையாகத் திரள்வதற்காக இளஞ்சூடு காட்டி, மூடிவைத்தாள்.

மணி ஆறே முக்கால். காவலாளி சாவிக்கொத்தை ஆட்டிக்கொண்டு வந்தார். “மேடம், வீடு இருக்கா இல்லையா?”

“இருக்கு. அட்ரஸ்கூட ஞாபகம் இருக்கு.”

பஸ்ஸில் பக்கத்து சீட்டு காலியாகத்தான் வந்தது. அதில் பையை வைத்துவிட்டு, பல்கலைக்கழகக் கடிதத்தை முதன்முறையாக முழுதாகப் படித்தாள். விதி ஆறில் இப்படி இருந்தது: ‘சோதனை ஒன்றில் இடையூறு நேர்ந்தால், அதன் காரணத்தை வழிகாட்டி தம் கைப்பட எழுதிச் சான்றளித்து, விளைந்த வித்தியாசம் எங்கே சென்றது என்பதும் அளந்து காட்டப்பட்டால், குழு அச்சோதனையை ஏற்கும்.’ விதி எழுதுகிறவர்கள் அபூர்வமாகச் சில சமயம் மனுஷர்களாகவும் இருந்துவிடுகிறார்கள். அவள் அந்த வரியின் கீழ் பேனாவால் கோடு போட்டாள்.

வியாழக்கிழமை காலை அறிவிப்புப் பலகையில் ஒரு புகைப்படம் பெரிதாகத் தொங்கியது. பேராசிரியர் ஜாடியைச் சாய்த்துக்கொண்டிருந்தார். நீர் வெள்ளிக் கம்பிபோல் விழுந்துகொண்டிருந்தது. ‘மரத்திலிருந்து லிக்னினைத் தம் கைகளாலேயே பிரித்தெடுக்கும் துறைத் தலைவர்’ என்று கீழே எழுதியிருந்தது. மூலையில் கேமரா தானாகவே நேரம் பதித்திருந்தது: 11.52. ஓரத்தில் அவளுடைய வலது முழங்கை தெரிந்தது. துறையிலுள்ள எல்லோருக்கும் அதன் பிரதி ஒன்று வந்திருந்தது. தன் பிரதியை அவள் பத்திரமாக நோட்டுக்குள் வைத்தாள்.

வாளியின் அடியில் லிக்னின் குருணை குருணையாகப் படிந்திருந்தது. வடிகட்டி, கழுவி, தட்டில் பரப்பி வேக்குவம் ஓவனில் நாற்பது டிகிரியில் வைத்தாள். அந்தத் துறையில் எதை ஓவனில் வைத்தாலும் நூற்றைந்துக்குத் திருகுவது எல்லோருக்கும் கைப்பழக்கம். ஈர லிக்னினுக்கு அந்தச் சூடு பட்டால் இளகித் தார் மாதிரி தட்டோடு ஒட்டிக்கொள்ளும். அதனால் ஓவன் கதவில் தாள் ஒட்டினாள்: ‘40. திருகாதீர்கள். யாராக இருந்தாலும்.’ சற்று யோசித்து, கடைசி வரியின் கீழ் அழுத்திக் கோடு போட்டாள்.

பிறகு உலர்ந்த நாரில் ஒரு கிராம் எடுத்தாள். இரண்டாவது சோதனையின் நாரிலிருந்தும், முதல் சோதனையின் நாரிலிருந்தும் ஒவ்வொரு கிராம். மூன்றையும் கடும் கந்தக அமிலத்தில் ஊறப்போட்டாள். நாரெல்லாம் கரைந்துபோய், அதில் ஒட்டியிருக்கும் லிக்னின் மட்டும் கரையாமல் மிஞ்சும்; அதை எடை போடலாம்.

கண்ணாடி அண்ணன் வந்து பார்த்தார். “இது எதுக்குத் தங்கச்சி? உன் கணக்குல நாரே வராதே.”

“கேப்பாங்கண்ணே.”

“யாரு கேப்பாங்க? உங்க ஆளுங்க எதைக் கேட்டிருக்காங்க இதுவரைக்கும்?”

“கேக்கலேன்னா நானே சொல்லுவேன்.”

வெள்ளிக்கிழமை பத்தரைக்குத் தராசின் சின்னக் கண்ணாடிக் கதவைச் சாத்திவிட்டு எண் நிற்கும்வரை மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தாள். நின்றது. கால்குலேட்டரில் போட்டாள். 70.1.

முதல் எண் 72.4. வித்தியாசம் 2.3. இரண்டு வரை இருக்கலாம். புள்ளி மூன்று அதிகம்.

திரும்பப் போட்டாள். கால்குலேட்டர் மனம் மாறவில்லை. பிறகு மூன்று நார்களின் கணக்கையும் போட்டாள். மரத்திலிருந்த நூறு பங்கு லிக்னினில், முதல் சோதனையின் நாரில் 19.8 தங்கியிருந்தது. இரண்டாவதில் 20.3. மூன்றாவதில் 22. கைக்கு வந்ததையும் நாரில் தங்கியதையும் கூட்டினாள். 92.2. 92.1. 92.1. மூன்று வரிகளையும் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதினாள். காணாமல்போன இரண்டு பங்கும் எங்கே போனதென்று தெரிந்துவிட்டது. அது யாரால் போனது என்று எழுதத்தான் இன்னொருவரின் கை வேண்டும்.

ஒரு மணியிலிருந்து பலகைக்குக் கீழே காத்திருந்தாள். பதினொன்றாவது பொறுப்பு எதையோ மேம்படுத்தும் குழுவின் தலைமை என்பதை அன்றுதான் கிட்டத்தில் நின்று படித்தாள். இரண்டேகாலுக்குப் பேராசிரியர் சாப்பிட்ட களைப்போடு வந்தார்.

“வாம்மா. எவ்வளவு வந்துச்சு?”

“எழுபது புள்ளி ஒண்ணு சார்.”

“எழுபத்தொண்ணுன்னு முழுசாக்கிப் போட்டுடு. கையெழுத்துப் போட்டுத் தர்றேன்.”

“முழுசாக்கினா எழுபதுதான் சார் வரும்.”

“மேல முழுசாக்கும்மா. மனுஷன் மேலதான் போகணும்.” அவர் பேனா மூடியைக் கழற்றினார். “புள்ளி மூணு வித்தியாசத்துக்கு எட்டு வருஷத்தை விடுவாங்களா? ஒரு சின்னக் கைத்தவறல்.”

“யார் கை சார்?”

பேனா நின்றது. அவள் மூன்று தாள்களை மேஜையில் வைத்தாள். நார்க் கணக்கு, கோடு போட்ட விதி ஆறு, புகைப்படம். அவர் முதலில் புகைப்படத்தைத்தான் எடுத்தார்.

“நல்லா வந்திருக்கு இல்ல?” என்றார். பிறகு மற்ற இரண்டையும் படித்தார். படிக்கப் படிக்கக் கண்ணாடியைக் கழற்றினார், துடைத்தார், மறுபடி மாட்டினார். எழுத்து மாறவில்லை.

“துறைத் தலைவர் தப்புப் பண்ணினார்னு துறைத் தலைவரையே எழுதித் தரச் சொல்றியா?”

“தப்புன்னு எழுத வேண்டாம் சார். தண்ணின்னு எழுதுங்க, போதும்.”

அவர் ஒரு தாளை எடுத்து வேகமாக எழுதி அவளிடம் தள்ளினார். ‘தவிர்க்க இயலாத காரணங்களால் நாரில் நீர் சேர்ந்துவிட்டது.’

“தானா வந்து சேர்ந்துச்சா சார்? லேபுக்குள்ள மழையா?”

“உனக்கு வாய் ஜாஸ்தியாப் போச்சு.”

“எட்டு வருஷம் சார். வாய் மட்டும்தான் வளர்ந்துச்சு.”

“நான் எழுதலைன்னா என்ன பண்ணுவே?”

“எழுபது புள்ளி ஒண்ணோட அப்படியே கொண்டுபோய்க் குடுப்பேன். பதிவு போகும். போகட்டும். எழுபத்தொண்ணுன்னு மட்டும் எழுத மாட்டேன். அப்புறம் என் தூளை எவனாவது வாங்கி, என் எண்ணை நம்பி ஒரு கலன் கட்டுவான். அந்த அளவு வராது. அவன் எட்டு வருஷம் போகும்.”

அவள் குரலை உயர்த்தவில்லை. அதுதான் அவரை நெளிய வைத்தது. சத்தம் போடுகிறவர்களைச் சமாளித்தே அவர் பதினொரு பொறுப்புகளுக்கு வந்தவர். ஜன்னல் பக்கம் பார்த்தார். மின்விசிறி ஒரு சுற்றுக்கு ஒரு முறை முனகியது.

“எங்க காலத்துல இதெல்லாம் காரத்துலதாம்மா வேகவைப்போம்,” என்றார் கடைசியில். மேடைக் குரல் இல்லை. வேறொரு குரல், அவளுக்குப் பழக்கமில்லாதது. “கூழை வடிச்ச உடனே தண்ணி ஊத்துவோம். சுடுதண்ணி, பச்சைத்தண்ணி, எவ்வளவு ஊத்தினாலும் லிக்னின் தண்ணியோடவே போயிடும். ஆயிரம் தடவை ஊத்தியிருப்பேன். ஜாடியைப் பார்த்ததும் கை தானாப் போயிடுச்சு. இது அமிலம்னு தலைக்கு எட்டவே இல்ல.”

“தெரியும் சார். உங்க ஆய்வேட்டுல இருக்கு. நூத்துப் பதினாலாம் பக்கம், கழுவுற முறை. காரத்துக்கு அது சரியான முறைதான்.”

பேராசிரியர் மெதுவாகத் திரும்பினார். “என் ஆய்வேட்டை நீ படிச்சிருக்கியா?”

“முழுசா. நூலகத்துல அட்டை பிரிஞ்சு இருந்துச்சு. ஒட்டி வச்சேன்.”

முப்பத்தொரு வருஷத்தில் அதைப் படித்ததாக அவரிடம் யாரும் சொன்னதில்லை. அவருக்குப் பட்டம் வழங்கிய தேர்வாளர்களும் சொன்னதில்லை, மேடைகளில் அதைப் புகழ்ந்தவர்களும் சொன்னதில்லை. அவர் புதுத் தாள் ஒன்றை எடுத்தார். ‘மூன்றாம் சோதனையில், புதன்கிழமை 11.52 மணிக்கு, அமிலத்தில் கழுவுவதற்கு முன்பாகவே நாரின் மேல் இரண்டு லிட்டர் நீரை நான் ஊற்றினேன்’ என்று எழுதினார். எழுதிவிட்டு அதையே ஒரு தரம் படித்தார். அவளும் படித்தாள்.

கையெழுத்துப் போடுவார் என்று பார்த்தால், போடவில்லை. தொடர்ந்து எழுத ஆரம்பித்தார். காரக் கூழை நீரில் கழுவும் முறையின் வரலாறு, அதில் தம்முடைய பங்களிப்பு, நூற்றுப் பதினான்காம் பக்கம், அந்த நாளில் பருவ ஏடு ஒன்றில் அதற்கு வந்த ஒரு பாராட்டு. தாள் திரும்பியது. ஓர் அடிக்குறிப்பு வந்தது.

“சார், மணி மூணு இருபது.”

“ஒரே ஒரு வரிம்மா. பின்னணி இல்லாம குழுவுக்குப் புரியாது.”

“குழுவுக்குத் தண்ணி புரியும் சார்.”

மூன்று முப்பத்தொன்றுக்கு வழிகாட்டி என்ற முறையில் கையெழுத்துப் போட்டார். சான்று துறைத் தலைவர் வழியாகப் போக வேண்டும். ஆகவே, தாம் அனுப்பியதைத் தாமே பெற்று, தம்மைத் தாமே பரிந்துரைத்து, மறுபடியும் கையெழுத்துப் போட்டார். முத்திரை மையில்லாமல் வறண்டிருந்தது. அவள் தராசறைக்கு ஓடி மைப்பெட்டி கொண்டுவந்தாள். மூன்று நாற்பதுக்கு முத்திரை விழுந்தது. படிக்கட்டில் இரண்டிரண்டு படியாக இறங்கினாள்.

அலுவலகத்தில் எழுத்தர் கணினியை அணைக்கும் யோசனையில் இருந்தார். தாள்கட்டை வாங்கிப் புரட்டினார்.

“தண்ணி ஊத்தினதுக்கு ஒன்றரைப் பக்கமா?”

“நிறைய ஊத்திட்டாரு.”

“இதெல்லாம் விதிப்படி செல்லுமா?”

அவள் விதி ஆறின் பிரதியை எடுத்துப் பக்கத்தில் வைத்தாள். எழுத்தர் கோடு போட்ட வரியை உதடசைத்துப் படித்தார். விதியைப் படித்த பிறகு எழுத்தர்களுக்கு வரும் ஒரு நிம்மதி அவர் முகத்தில் வந்தது. தேதி முத்திரை குத்தினார். நேரத்தை எழுதினார்: 3.52.

“சரி மேடம். குழு திங்கக்கிழமை ஒப்புதல் போடும். பதிவு உயிரோட இருக்கு. போய்ட்டு வாங்க.”

“பெற்றுக்கொண்டதுக்குச் சீட்டு குடுங்க.”

“நம்பிக்கை இல்லையா?”

“நம்பிக்கை இருக்கு. சீட்டும் வேணும்.”

அவர் பெருமூச்சு விட்டுக்கொண்டே சீட்டை நிரப்பிக் கொடுத்தார். அவள் நின்ற இடத்திலேயே அதைப் படித்தாள். பதிவெண், தேதி, இணைப்புகள் நான்கு, மூன்று சோதனைகளின் எண்கள். சீட்டைக் கண்ணாடித் துளை வழியாகத் திருப்பித் தள்ளினாள்.

“மூணாவது எண்ணை எழுபத்தொண்ணுன்னு போட்டிருக்கீங்க.”

“பின்னே?”

“எழுபது புள்ளி ஒண்ணு.”

“மேடம், உங்களுக்கு நல்லதுக்குத்தானே போட்டேன்? மணி நாலாகப் போகுது, ஒரு புள்ளிக்காகவா நிக்கிறீங்க?”

“நாலாக இன்னும் ஆறு நிமிஷம் இருக்கு. அடிச்சுத் திருத்தி, பக்கத்துல சுருக்கொப்பம் போடுங்க.”

எழுத்தர் அவளைப் பார்த்தார், கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு பேனாவை எடுத்து அடித்துத் திருத்தினார்.